படிப்பு உண்டு, அலைவரிசை உண்டு. செய்திக்கு மட்டும் தடை

புது தில்லி: கொச்சியின் மேற்குக் கரையில் உள்ள மட்டாஞ்சேரியில் விருச்சிக மாதம் பிறந்துவிட்டால், கடல் ஏற்றத்தின்போது உப்பங்கழி நீர் தெருக்களுக்குள் புகுவது ஆண்டுதோறும் நடப்பதுதான். "வேலியேற்றம்" என்று அதற்கு மலையாளத்தில் தனிப் பெயரே உண்டு. அந்தப் பகுதியில் ஒரு கல்லூரி, சமூக வானொலிக்கான உரிமம் பெற்று 100 வாட் திறனுள்ள ஒலிபரப்பியை நிறுவுவதாக வைத்துக்கொள்வோம். அங்கு ஒலிபரப்பு இதழியல் பயிலும் மாணவர், "இன்று மாலை நீர்மட்டம் உயரும்" என்ற மாவட்ட நிர்வாகத்தின் எச்சரிக்கையை ஒலிவாங்கி முன் அமர்ந்து வாசிக்கலாம். "கால்வாய்கள் ஏன் இன்னும் தூர்வாரப்படவில்லை" என்று மாமன்ற உறுப்பினரிடம் கேட்டு, அவர் கூறும் பதிலை ஒலிபரப்ப முடியாது.

முன்னது தகவல், பின்னது செய்தி. மத்திய தகவல், ஒலிபரப்புத் துறை அமைச்சகத்தின் விதிமுறைகள் இப்படித்தான் கோடு கிழித்துள்ளன. போக்குவரத்து, வானிலை, திருவிழாக்கள், தேர்வு முடிவுகள், வேலைவாய்ப்பு, மின்தடை, குடிநீர் விநியோகம், இயற்கைச் சீற்றம், சுகாதார எச்சரிக்கை போன்றவற்றைச் செய்தி அல்லாதவையாகக் கருதி ஒலிபரப்பலாம். பொதுமக்களுக்கான அறிவிப்புகள் உள்ளூர் நிர்வாகம் அளித்தவையாக இருக்க வேண்டும். அதற்கு அப்பால் நடப்பு நிகழ்வுகள், அரசியல் தன்மை கொண்டவை எதுவும் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம். வேண்டுமானால் உள்ளூர் மொழியில் மொழிபெயர்த்தும் வாசிக்கலாம். அதாவது, தில்லியில் நடந்ததை மட்டாஞ்சேரிக்குச் சொல்லலாம். மட்டாஞ்சேரியில் நடந்ததை மட்டாஞ்சேரிக்குச் சொல்லக் கூடாது.

ஒலிபரப்பு இதழியலை அரசுப் பல்கலைக்கழகங்களிலும் அரசு சார்ந்த பயிற்சி நிறுவனங்களிலும் பயிலும் மாணவர்களுக்கு இந்த விதியால் வரும் பாதிப்பு தலைநகரில் அதிகம் பேசப்படுவதில்லை. தனியார் பண்பலை நிறுவனங்கள் தடையை நீக்கக் கோரி அமைச்சகத்தின் கதவைத் தட்டுவது வழக்கமாகிவிட்டது. வளாக வானொலிகளுக்கு அந்தச் செல்வாக்கு இல்லை.

காக்கநாடும் கோட்டயமும்

மட்டாஞ்சேரியில் வசிக்கும் இளைஞர் ஒருவருக்கு ஒலிபரப்பு இதழியலில் நாட்டம் வந்தால், குறைந்த கட்டணத்தில் படிப்பதற்கு வழியில்லாமல் இல்லை. நகரின் கிழக்கு விளிம்பில் காக்கநாட்டில் கேரள மீடியா அகாதெமி உள்ளது. மாநில அரசு, உழைக்கும் பத்திரிகையாளர் சங்கம், இந்திய செய்தித்தாள் சங்கம் ஆகிய மூன்றின் கூட்டு முயற்சியாக 1979-ல் கேரள பிரஸ் அகாதெமி என்ற பெயரில் அது தொடங்கப்பட்டது. அரசும் தொழிற்சங்கமும் முதலாளிகள் அமைப்பும் சேர்ந்து ஒரு பயிற்சிப் பள்ளியை நடத்துவது நாட்டில் அபூர்வம். தொலைக்காட்சி இதழியலுக்கு அங்கே தனிப் பட்டயப் படிப்பு உண்டு. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கு நீர் மெட்ரோ நிலையம் கிடைத்த பிறகு, படகிலும் ரயிலிலும் மறுபடி படகிலுமாக ஏறி இறங்கிக் காக்கநாடு போய்ச் சேர முடிகிறது.

கொச்சியின் கலை, அறிவியல் கல்லூரிகள் கோட்டயத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டவை. அதே கோட்டயம் மாவட்டத்தில் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனத்தின் வளாகம் 2012-ல் தொடங்கப்பட்டது. 1965 ஆகஸ்ட் 17-ல், அப்போது தகவல், ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த இந்திரா காந்தி தில்லியில் தொடங்கிவைத்த நிறுவனம் இது. 2024-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. வானொலி, தொலைக்காட்சி இதழியலை இங்கு தில்லியில் படிப்பது இன்றைக்கும் மாணவர்களின் கனவாகவே உள்ளது. இந்நிறுவனம் சொந்தமாக ஒரு வளாக வானொலியையும் நடத்துகிறது. இதழியல் கற்பிப்பதற்காகவே மத்திய அரசு ஏற்படுத்திய நிறுவனம் அது. மாணவர்கள் திரட்டிய செய்தியை அதன் வானொலியில் ஒலிபரப்ப அதே அரசின் விதி இடம் தரவில்லை. இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

வகுப்பறையில் மாணவர் கற்பது என்ன? கண்ணுக்கு எழுதுவதும் காதுக்கு எழுதுவதும் வேறு என்பது முதல் பாடம். வாக்கியம் மூச்சுக்கு அடங்க வேண்டும். எண்களை முழுமைப்படுத்திச் சொல்ல வேண்டும். கூறியவர் பெயர் முன்னால் வர வேண்டும், கூற்று பின்னால் வர வேண்டும். பேட்டியில் குறுக்கிடும் இடம் எது, மௌனமாக இருக்கும் இடம் எது என்பது புத்தகத்தால் வருவதில்லை. பயிற்சி அறிக்கைகளைத் தயாரித்து, ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்து, ஆசிரியரிடம் திருத்தம் பெறுகிறார்கள். அந்த அறிக்கை பெரும்பாலும் அந்தக் கூடத்தின் சுவர்களைத் தாண்டுவதில்லை. தவறான பெயரைச் சொன்னால் மறுநாள் வந்து சண்டையிடும் நேயர் இல்லாமல் செய்தி வாசிக்கப் பழகுவது, தண்ணீரில் இறங்காமல் நீச்சல் பழகுவதைப் போன்றதுதான்.

வேலை கிடைப்பதும் இதையொட்டியே அமைகிறது. இந்திய எல்லைக்குள் வானொலிச் செய்தியாளராக விரும்புபவருக்கு ஒரே முதலாளிதான்: பிரசார் பாரதி. 1990-ல் சட்டம் நிறைவேறி, 1997-ல் நடைமுறைக்கு வந்த அந்தத் தன்னாட்சி அமைப்பின் கீழ் அகில இந்திய வானொலி இயங்குகிறது. கொச்சியில் அதன் பண்பலை நிலையம் 1989 முதல் உள்ளது. அங்கே இடம் கிடைக்காதவர்கள் தொலைக்காட்சிக்குப் போகிறார்கள். 1993-ல் ஏசியாநெட் தொடங்கியது முதல் கேரளத்தில் செய்திச் சேனல்களுக்குக் குறைவில்லை. வானொலியில் பயிற்சி பெற்ற குரல் தனியார் பண்பலைக்குப் போனால் பாட்டுக்கு நடுவே பேசும், அவ்வளவுதான்.

அண்ணா பண்பலை திறந்த வழி

வளாக வானொலியின் வரலாறு தமிழகத்தில் தொடங்குகிறது. அலைக்கற்றை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரி 9-ல் தீர்ப்பளித்தது. வங்காள கிரிக்கெட் சங்கம் ஹீரோ கோப்பைப் போட்டிகளை ஒளிபரப்பும் உரிமை தொடர்பாகத் தொடுத்த வழக்கு அது. பி.பி. சாவந்த், பி.பி. ஜீவன் ரெட்டி ஆகியோருடன் தமிழகத்தைச் சேர்ந்த எஸ். மோகனும் அமர்வில் இருந்தார். காற்றலை அரசின் ஏகபோகம் அல்ல, பொது அமைப்பு ஒன்று பொதுநலன் கருதி அதை ஒழுங்குபடுத்த வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். கிரிக்கெட்டால் நாட்டுக்கு விளைந்த நன்மைகளில் இதையும் சேர்க்கலாம்.

இதன் தொடர்ச்சியாக 2002 இறுதியில் கல்வி நிறுவனங்களுக்கு வானொலி உரிமம் வழங்க மத்திய அரசு முடிவெடுத்தது. 2004 பிப்ரவரி 1-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாக சமூக வானொலியான அண்ணா பண்பலையை அன்றைய துணைப் பிரதமர் எல்.கே. அத்வானி தொடங்கிவைத்தார். 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் விரிவுபடுத்தப்பட்டது. இப்போது நாடு முழுவதும் ஏறக்குறைய 500 சமூக வானொலிகள் உள்ளன. அண்ணா பண்பலையின் இருபதாம் ஆண்டையொட்டி 2024 பிப்ரவரி 13-ல், உலக வானொலி நாளன்று, சென்னையில் திருத்தப்பட்ட வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிடப்பட்டன. விளம்பர நேரம் மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாக உயர்ந்தது. பத்து விநாடிக்கான அரசு விளம்பரக் கட்டணம் 74 ரூபாயானது. உரிமக் காலம் பத்து ஆண்டாக நீண்டது. வரவேற்கத்தக்க மாற்றங்கள் இவை. செய்தி தொடர்பான விதி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

பாம்பனில் மீனவர்களுக்காக 2016 முதல் இயங்கும் "கடல் ஓசை" வானொலியை எடுத்துக்கொள்ளலாம். காற்றின் வேகமும் அலையின் உயரமும் அதில் சொல்லப்படும்போது கரையில் உள்ள குடும்பங்கள் காது கொடுத்துக் கேட்கின்றன. அந்தக் குடும்பங்களுக்கு மிக முக்கியமான மற்றொரு விஷயம், கடலுக்குச் சென்ற படகை இலங்கைக் கடற்படை பிடித்ததா, பிடித்திருந்தால் யார் யார் அதில் இருந்தார்கள் என்பது. விதியின்படி, அதைத் தானே விசாரித்துத் தானே செய்தியாகச் சொல்ல அந்த வானொலிக்கு உரிமை இல்லை. அகில இந்திய வானொலி சொன்னால் அதைத் திருப்பிச் சொல்லலாம்.

ஒரு தெரு, பல மொழிகள்

மட்டாஞ்சேரிக்கு ஒரு செய்தி வானொலி ஏன் தேவை என்பதை அந்த ஊரே சொல்லும். சில சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ், மராத்தி, தக்கனி உருது என்று மொழிகள் வீட்டுக்கு வீடு மாறுகின்றன. 1568-ல் கட்டப்பட்ட யூதர் வழிபாட்டுத் தலமும், போர்த்துகீசியர் 1555-ல் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்த அரண்மனையும், மிளகு வணிகத்தின் பழைய கிட்டங்கிகளும் அடுத்தடுத்து உள்ளன. அருகே ஃபோர்ட் கொச்சியின் வேளி பகுதியில் உள்ள தோபிகானாவில் தமிழ்ச் சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்துவருகின்றன. இவர்களில் எந்தச் சமூகத்தின் அன்றாடமும் திருவனந்தபுரத்துச் சேனல்களுக்குச் செய்தி ஆகாது; சுற்றுலாப் பருவத்தில் வண்ணப் படமாக வரலாம். நூறு வாட் ஒலிபரப்பியின் குரல் ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் வரை எட்டும். வெல்லிங்டன் தீவு, தோப்பும்படி, எர்ணாகுளத்தின் கரை வரை அது போதும். இதழியல் மாணவருக்கு இதைவிட நல்ல பயிற்சிக் களம் கிடைப்பது அரிது.

இந்த ஊரின் மிகப் பெரிய செய்தி 1953 செப்டம்பர் 15-ல் நடந்தது. துறைமுகத்தில் நாள் வேலைக்குக் காத்திருக்கும் கூட்டத்தின் நடுவே உலோக வில்லைகளை வீசி எறிவார்கள். அடித்துப் பிடித்து எடுத்தவருக்கு அன்று கூலி உண்டு. "சாப்பா" எனப்பட்ட இந்த முறையை எதிர்த்துத் தொழிலாளர்கள் நடத்திய போராட்டத்தின்மீது போலீஸார் துப்பாக்கிச்சூடு நடத்தியதில் மூவர் உயிரிழந்தனர். இயக்குநர் ராஜீவ் ரவியின் "துறமுகம்" திரைப்படம் 2023-ல் இதைச் சொன்னபோது, கேரளத்துக்கு வெளியே பலர் முதன்முறையாகக் கேள்விப்பட்டனர். 1953-ல் நாட்டில் வானொலிச் செய்தி முழுவதும் அரசின் கையில் இருந்தது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் வானொலிச் செய்தியில் அந்த நிலை மாறவில்லை என்பதை நாடாளுமன்ற உறுப்பினர்களில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்பது தெரியவில்லை.

பாதுகாப்பு என்ற காரணம்

தடைக்கு மத்திய அரசு கூறிவரும் காரணம் தேசப் பாதுகாப்பு. நூற்றுக்கணக்கான சிறு நிலையங்கள் எங்கெங்கோ என்னென்னவோ பேசினால் அவற்றைக் கண்காணிக்கும் ஏற்பாடு இல்லை, தீவிரவாத சக்திகள் பயன்படுத்திக்கொள்ளக்கூடும் என்பது வாதம். "காமன் காஸ்" என்ற அமைப்பு 2013-ல் தொடர்ந்த பொதுநல வழக்கில் இந்தத் தடையின் அடிப்படையே கேள்விக்கு உள்ளாக்கப்பட்டது. தொலைக்காட்சிக்கும் அச்சு ஊடகத்துக்கும் இல்லாத தடை வானொலிக்கு மட்டும் ஏன் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் கேட்டது.

அரசின் அச்சத்தை முற்றிலும் புறந்தள்ளிவிடவும் முடியாது. சமூக வானொலி உரிமம் பெற்ற கல்வி நிறுவனங்கள் சிலவற்றின் பின்னால் அரசியல்வாதிகள் இருப்பது ஊரறிந்த விஷயம். சாதி, மதக் கலவரம் மூளும் ஊரில் ஒரு தவறான வதந்தி பத்து கிலோமீட்டருக்குள் செய்யும் கேடு, தேசியச் சேனல் செய்வதைவிடக் கொடியதாக இருக்கலாம். ஆனால், ஒலிபரப்பான எல்லா நிகழ்ச்சிகளையும் மூன்று மாத காலம் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று விதிமுறை ஏற்கெனவே கட்டாயப்படுத்துகிறது. தவறு செய்தவரைப் பின்னர் பிடிக்க அதுவே போதும். தவறு நடக்கலாம் என்பதற்காக முன்கூட்டியே வாயைக் கட்டுவது செய்தித்தாளுக்குப் பொருந்தாது என்றால், வானொலிக்கு மட்டும் எப்படிப் பொருந்தும்?

பாதுகாப்பு என்ற சொல்லின் எடையைக் கேரளத்து ஒலிபரப்பு மாணவர்கள் சொந்த மாநிலத்திலேயே கற்றார்கள். 2020 மார்ச் 6-ல், தில்லிக் கலவரச் செய்திகளுக்காக ஏசியாநெட் நியூஸ், மீடியா ஒன் ஆகிய இரு மலையாளச் சேனல்களுக்கு 48 மணி நேரத் தடை விதிக்கப்பட்டது; எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே விலக்கப்பட்டது. 2022 ஜனவரி 31-ல், பாதுகாப்பு அனுமதி மறுக்கப்பட்டதால் கோழிக்கோட்டைச் சேர்ந்த மீடியா ஒன் ஒளிபரப்பு நின்றது. காரணம் மூடிய உறையில் நீதிமன்றத்துக்கு மட்டும் தரப்பட்டது. கேரள உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியும் டிவிஷன் பெஞ்சும் அரசின் பக்கமே நின்றனர். உச்ச நீதிமன்றம் மார்ச் 15-ல் இடைக்கால நிவாரணம் அளித்தது. 2023 ஏப்ரல் 5-ல் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், ஹிமா கோஹ்லி அமர்வு, அந்தத் தடையை ரத்து செய்தது. ஆதாரம் எதுவும் இன்றித் தேசப் பாதுகாப்பை வெறுமனே முன்வைத்து உரிமையைப் பறிக்க முடியாது என்றும், அரசை விமர்சிப்பது தேசவிரோதம் ஆகாது என்றும் அந்தத் தீர்ப்பு தெளிவுபடுத்தியது. ஒலிபரப்பு இதழியல் வகுப்புகளில் பாடமாக வைக்க வேண்டிய தீர்ப்பு அது. அதே தர்க்கத்தை வளாக வானொலியின் செய்தித் தடைக்கும் பொருத்திப் பார்க்க மாணவர்களுக்கு ஆசிரியர்கள் சொல்லித்தர வேண்டிய அவசியம் இருக்காது.

தடையின் விநோதம் தமிழ் வாசகர்களுக்குப் பக்கத்திலேயே தெரியும். தினத்தந்தி குழுமம் நாளிதழ் நடத்துகிறது, செய்தித் தொலைக்காட்சி நடத்துகிறது, ஹலோ பண்பலையும் நடத்துகிறது. காலையில் அச்சிட்டு விற்ற செய்தியை, தொலைக்காட்சியில் நாள் முழுதும் காட்டிய செய்தியை, அதன் பண்பலையில் வாசிக்க முடியாது. கேரளத்தில் மலையாள மனோரமாவின் ரேடியோ மேங்கோவுக்கும், மாத்ருபூமியின் கிளப் பண்பலைக்கும் இதே நிலைதான். 2019 ஜனவரியில் அமைச்சர் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் தனியார் பண்பலைகளுடன் அகில இந்திய வானொலிச் செய்தியைப் பகிரும் திட்டத்தைத் தொடங்கினார். பாட்டுக்கு நடுவே அரசு செய்தி வரலாம் என்றுதான் அதற்குப் பொருள்.

அண்டை நாடுகளைப் பார்த்தால் இந்த அச்சம் இன்னும் விநோதமாகத் தோன்றும். கொழும்பிலிருந்து ஒலிபரப்பாகும் சூரியன், சக்தி ஆகிய தனியார் தமிழ்ப் பண்பலைகள் உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளிலும் செய்தியறிக்கைகளை வழங்கின. தணிக்கையும் மிரட்டலும் இருந்தன. ஆனால் "வானொலியில் செய்தியே கூடாது" என்று எவரும் சொல்லவில்லை. நேபாளத்தில் 1997-ல் தொடங்கிய ரேடியோ சாகர்மாதா, தெற்காசியாவின் முதல் சுதந்திர சமூக வானொலி என்று பெயர் பெற்றது. 2005-ல் மன்னர் ஞானேந்திரா ஆட்சியைக் கைப்பற்றியவுடன் செய்த முதல் காரியங்களில் ஒன்று, பண்பலைகளில் செய்தியைத் தடை செய்தது. நிலையங்கள் நீதிமன்றம் சென்றன. மறு ஆண்டு மக்கள் எழுச்சியில் மன்னரின் நேரடி ஆட்சி முடிவுக்கு வந்தது. மன்னராட்சி கொண்டுவந்த தடையும், ஜனநாயக நாட்டில் தொடரும் தடையும் ஒன்றையொன்று ஒத்திருப்பது கவனிக்கத்தக்கது.

கைபேசியும் அலைவரிசையும்

இதற்கிடையே தொழில்நுட்பம் தடையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. மட்டாஞ்சேரி மாணவர் ஒருவர் கைபேசியில் ஒரு காணொளி எடுத்து யூடியூபில் ஏற்றி, அதில் மாநகராட்சியைக் கேள்வி கேட்கலாம். அதற்கு உரிமம் தேவையில்லை. 2021-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் டிஜிட்டல் செய்தி வெளியீட்டாளர்களை ஒழுங்குபடுத்துகின்றன. செய்தி வெளியிடுவதையே தடை செய்யவில்லை. அந்தக் காணொளி மதுரை முதல் மெல்போர்ன் வரை போகும். அதே மாணவரின் அதே கேள்வி, அவர் கல்லூரியின் பண்பலையில் பத்து கிலோமீட்டர் போனால் உரிமத்துக்கே ஆபத்து. 2023 நவம்பரில் வெளியான ஒலிபரப்புச் சேவைகள் வரைவு மசோதா, தனிநபர் காணொளிகளையும் தன் பிடிக்குள் கொண்டுவரக்கூடும் என்ற அச்சம் பரவியது. திருத்திய வரைவு 2024-ல் சிலருக்கு மட்டும் காட்டப்பட்டதாகத் தகவல் கசிந்து சர்ச்சையானதும், ஆகஸ்டில் அது திரும்பப் பெறப்பட்டது. இரண்டையும் சமன்படுத்த வேண்டுமென்றால் வானொலியைத் திறப்பது ஒரு வழி. கைபேசியை மூடுவது மற்றொரு வழி. அரசின் கை எந்தப் பக்கம் நீள்கிறது என்பதை அந்த வரைவு காட்டிவிட்டது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2023 செப்டம்பரில் அளித்த பரிந்துரையில், பண்பலை நிலையங்கள் மணிக்குப் பத்து நிமிடம் வரை செய்தியும் நடப்பு நிகழ்வுகளும் ஒலிபரப்பலாம் என்று கூறியது. 2024 ஆகஸ்டில் 234 நகரங்களில் 730 புதிய அலைவரிசைகளை ஏலம் விட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது, கட்டணம், தாய்மொழி நிகழ்ச்சிகள், உள்ளூர் வேலைவாய்ப்பு ஆகியவை பற்றி அறிவிப்பில் இருந்தது. செய்தி பற்றி இல்லை.

டிராய் பரிந்துரைத்த அந்தப் பத்து நிமிடமும் தனியார் பண்பலை நிறுவனங்களுக்கானதே. அது ஏற்கப்பட்டாலும், லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் தனியார் ஊடகப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு அவற்றில் வேலை கிடைக்கலாம். அரசுக் கல்லூரியின் வளாக வானொலியில் பயிலும் மாணவர், தன் தெருவில் ஏறிய தண்ணீரைப் பற்றிய அறிவிப்புக்கு மாவட்ட நிர்வாகத்தையே எதிர்பார்த்திருக்க வேண்டும்.